மே 5க்கு மகனுக்கு மெக்சிகோ தொப்பி போட்டு அனுப்பலாமா?

கேள்வி: 2023 ஏப்ரல் 30

டெக்சஸுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மே 5 மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று மகனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அன்று மெக்சிகோ உடையில் வரச்சொல்லிப் பள்ளியில் சீட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கடையில் அகலத் தொப்பியும் ஒட்டுமீசையும் சேர்த்தே விற்கிறார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் மெக்சிகோ வம்சாவளி. அவர்கள் விழாவுக்கு நாம் குடும்பத்தோடு போகலாமா? இல்லை, எல்லாமே பீர் வியாபாரம்தானா? அங்கே வாழ்க்கைப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2023 மே 1, காலை

வாழ்க்கைப்பட்டவள்தான் எழுதுகிறேன். சொந்த ஊர் தோவாளைப் பக்கம். டெக்சஸின் சான் அன்டோனியோ நகரத்தில் 14 வருடமாக இருக்கிறேன். மாமனார் குடும்பம் நகரின் மேற்குப் பகுதியில் யாருக்கும் நினைவில்லாத காலத்திலிருந்து இருக்கிறது. மாமியார் மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்திலிருந்து சிறுமியாக வந்தவர்.

தம்பி, முதல் வேலையாகப் பையனிடம் சொன்னதைத் திருத்துங்கள். சுதந்திர தினம் செப்டம்பர் 16. மே 5 என்பது 1862இல் புவெப்லா நகரத்தருகே மெக்சிகோப் படை பிரெஞ்சுப் படையை விரட்டிய நாள். கடன் பாக்கியைச் சாக்காக வைத்து வந்த படை அது. அடுத்த ஆண்டே கூடுதல் ஆட்களோடு திரும்பி வந்து அதே ஊரைப் பிடித்தும்விட்டது. மெக்சிகோவில் இந்த நாளை விமரிசையாகக் கொண்டாடுவது புவெப்லாக்காரர்கள்தான். என் மாமியாரின் ஊரில் அதற்கு ஒரு பட்டாசுகூடக் கிடையாதாம்.

பிறகு அமெரிக்காவில் ஏன் இத்தனை ஆரவாரம்? அந்த வருடம் இங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அடிமைமுறைக்காகச் சண்டையிட்ட தென்மாநிலங்கள் பக்கம் சாய்வார் என்ற பயம் எங்கும் இருந்தது. புவெப்லாச் செய்தி கலிஃபோர்னியாவுக்கு வந்ததும் அங்கிருந்த மெக்சிகோ மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். அப்போதிலிருந்தே இது இங்கே உள்ளவர்களின் விழாவாகிவிட்டது. நூறு வருடம் கழித்து, 1960களிலும் 70களிலும், உரிமைக்காகப் போராடிய சிகானோ மாணவர்கள் (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள்) இதைக் கையில் எடுத்தார்கள். 1980களில் பீர் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ஆகவே பீர் வியாபாரமா என்று கேட்டால் ஆமாம். ஆனால் பீர் பாட்டில் கடைசியாக வந்த விருந்தாளி.

தொப்பி, ஒட்டுமீசை இரண்டும் வேண்டாம். தீபாவளிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் தலைப்பாகையும் மகுடியும் ரப்பர் பாம்புமாக வந்து நின்று வாழ்த்துச் சொன்னால் என்ன செய்வீர்கள்? காபி கொடுத்து அனுப்பிவைப்பீர்கள். மனதுக்குள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

2023 மே 1, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். புவெப்லாவில் படை நடத்திய தளபதி இக்னாசியோ சரகோசா பிறந்த இடம் இன்றைய டெக்சஸில், கோலியாட் அருகே. 1829இல் அது மெக்சிகோவாக இருந்தது. சண்டையில் வென்ற நாலு மாதத்தில் காய்ச்சலில் இறந்துபோனார், வயது 33தான். பையன் பள்ளியில் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் இதைச் சொல்லட்டும். “தளபதி நம்ம ஊர்க்காரர்” என்று சொன்னால் டெக்சஸ் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

2023 மே 3

போகலாமா என்ற கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. போகலாம். ஆனால் மே 5க்குப் போகவேண்டாம். எங்கள் ஊரில் பெரிய திருவிழா ஏப்ரலில். ஃபியெஸ்டா என்பார்கள். போன வாரம்தான் முடிந்தது, இன்னும் என் தலையில் காகிதத் துண்டு உதிர்கிறது.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். காஸ்கரோன் என்று ஒரு பொருள் உண்டு. முட்டையின் கூர்முனையைக் கத்தியால் தட்டி, ஒரு ரூபாய்க் காசளவு துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊற்றிவிட்டு, ஓட்டைக் கழுவிக் காயவைத்துச் சாயம் தோய்த்து, வண்ணக் காகிதப் பொடியை நிரப்பி, துளையின் மேல் மெல்லிய தாளை ஒட்டுவார்கள். ஈஸ்டருக்கும் ஃபியெஸ்டாவுக்கும் ஒருவர் தலையில் ஒருவர் உடைக்கவேண்டும். உடைபட்டவருக்கு நல்லது நடக்கும். மாமியார் ஜனவரியில் முட்டை ஓடு சேர்க்க ஆரம்பிப்பார். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் அவித்த முட்டை கேட்கக்கூடாது. ஓடு வீணாகிவிடும். முட்டைக் குழம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் வந்த முதல் வருடம் அது தெரியாமல் பன்னிரண்டு முட்டையை அவித்து உரித்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உரித்த ஓட்டுக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டு கிடைத்திருக்கும், மனது ஆறியிருக்கும்.

அடுத்த வருடம் புண்ணியம் தேடிக்கொள்ளலாம் என்று நானே உட்கார்ந்து நாற்பது ஓடு தயார் செய்தேன். பச்சைத் தண்ணீரில் அலசினேன், முழுக்கக் காயவிடவில்லை. உள்ளே காகிதம் களியாகிப் போயிற்று. அதில் ஒன்றை ஈஸ்டர் அன்று மாமனார் தலையில் உடைத்தது என் கணவர். நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாமனார் ஆலயத்துக்குப் போகும் சட்டையில் இருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபியெஸ்டா எதற்காகத் தொடங்கியது தெரியுமா? டெக்சஸ் மெக்சிகோவிடமிருந்து பிரியப் போராடியபோது, 1836இல் எங்கள் ஊர் அலாமோக் கோட்டையில் செத்தவர்களுக்கும், அதே வருடம் ஏப்ரல் 21 அன்று சான் ஹசின்டோவில் மெக்சிகோப் படை தோற்றதற்கும் நினைவாக. 1891இல் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் வண்டிகளை அலங்கரித்துக்கொண்டு வந்து அலாமோ முன்னால் ஒருவர் மேல் ஒருவர் பூவை வீசினார்கள். பூப்போர் ஊர்வலம் என்ற பெயர் அப்படி வந்தது. ஆக, மெக்சிகோ தோற்ற விழாவை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கின்றன. மாமனாரிடம் ஒருமுறை கேட்டேவிட்டேன். “அன்று விடுமுறை” என்றார்.

2023 மே 4

மேலே எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது.

“மெக்சிகோ தோற்ற விழா” என்று நான் எழுதியது பாதிதானாம். அலாமோவுக்குள் இருந்து செத்தவர்களில் இந்த ஊர் மெக்சிகோக்காரர்களும் உண்டு. கிரகோரியோ எஸ்பார்சா என்பவர் உள்ளே பீரங்கியோடு நின்றார், அவருடைய சகோதரரோ எதிர்ப்பக்கப் படையைச் சேர்ந்தவர். சண்டை முடிந்த பிறகு அவர் உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்தது அந்தச் சகோதரர். ஹுவான் செகின் என்பவர் சான் ஹசின்டோவில் டெக்சஸ் பக்கம் நின்று தன் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சண்டையிட்டார், பிறகு சான் அன்டோனியோவின் மேயரானார். 1842இல், புதிதாகக் குடியேறி வந்தவர்கள் துரோகிப் பட்டம் கட்டித் துரத்த, குடும்பத்தோடு மெக்சிகோவுக்கு ஓடவேண்டி வந்தது. ஆகவே யார் வென்றார், யார் தோற்றார் என்பது அத்தனை சுலபமில்லை என்றார் கணவர். சரி, திருத்தம் ஏற்றுக்கொண்டேன். மாமனார் சொன்ன பதிலைத் திருத்தமாட்டேன், அது நன்றாக இருக்கிறது.

2023 மே 9

பையனைத் தொப்பி இல்லாமல் அனுப்பினேன், சரகோசா கதையைச் சொன்னான் என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். வகுப்பில் மற்ற 19 பேரும் தொப்பியோடு வந்தார்களாம். ஆசிரியையும்தான். பாவம் பையன்.

பெரிய விழாவில் கூட்டத்துக்குப் பயமாக இருக்கிறது, சிறிய இடமாகச் சொல்லுங்கள் என்கிறார். ஹமைக்காவுக்குப் போங்கள். கோடை முழுவதும் ஏதாவது ஒரு பங்கில் நடந்துகொண்டே இருக்கும். எழுத்தில் பார்த்தால் ஜமைக்கா தீவின் பெயர். டெக்சஸ் ஸ்பானிஷில் அது கோயில் கொடை மாதிரி, பங்கு ஆலயத்தின் வளாகத்தில் நடக்கும் விழா. கல்யாணமான புதிதில் மாமியார் “சனிக்கிழமை எல்லோரும் ஹமைக்கா போகிறோம்” என்று தொலைபேசியில் சொல்ல, கணவர் எனக்கு எழுத்தில் காட்ட, நான் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவைத்தேன். அங்கே போனால் சிவப்பாக ஒரு பானம் கொடுத்து அதற்கும் ஹமைக்கா என்றே பெயர் சொன்னார்கள். நம் புளிச்சகீரைக் குடும்பத்துச் செடியின் சிவப்புப் புல்லிதழை ஊறவைத்துச் சர்க்கரை சேர்ப்பது. ஆக, ஹமைக்காவில் ஹமைக்கா குடித்துவிட்டு வந்தேன், கடல் தாண்டவில்லை.

அங்கே லொத்தெரியா ஆடுங்கள். தம்போலா மாதிரிதான், எண்ணுக்குப் பதில் படம். சேவல், நிலா, கள்ளிச்செடி, தேள், மண்டை ஓடு என்று மொத்தம் 54 அட்டை. அட்டையை உருவுகிறவர் வெறும் பெயரைச் சொல்லமாட்டார், விடுகதையாகவோ கேலியாகவோ இழுத்துப் பாடுவார். படத்தின் மேல் காய்ந்த பீன்ஸ் வைக்கவேண்டும். மொழி தெரியாத பிள்ளைக்குக்கூட ஒரு மாலைக்குள் பதினைந்து இருபது வார்த்தை வந்துவிடும். என் மகள் ஸ்பானிஷில் முதலில் சொன்ன வார்த்தை அம்மாவும் இல்லை, பாட்டியும் இல்லை. தேள்.

சும்மா சுற்றிப் பார்க்காமல் ஏதாவது ஒரு கடையில் நின்று வேலை செய்யுங்கள். ஆள் பற்றாமல் தவிப்பார்கள். டிக்கெட் கிழிக்க ஸ்பானிஷ் தேவையில்லை.

2023 செப்டம்பர் 17

நாலு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. நேற்று மேற்குப் பகுதியில் சுதந்திர தின ஊர்வலம், மகள் அதில் ஆடினாள். அவளுக்கு ஒன்பது வயது. ஃபோக்லோரிகோ என்ற மெக்சிகோ நாட்டுப்புற நடன வகுப்பு மூன்றாவது வருடம்.

ஹலிஸ்கோ மாநிலத்துப் பாவாடை தெரியும்தானே, படங்களில் பார்த்திருப்பீர்கள். சுழற்றினால் குடை மாதிரி விரியும், ஓரமெல்லாம் வண்ண ரிப்பன் வரிசை. அதைப் பெட்டி போட இரண்டு பெரியவர்கள் வேண்டும், ஒருவர் விரித்துப் பிடிக்க, ஒருவர் தேய்க்க. ரிப்பன் மேல் நேரடியாகச் சூடு பட்டால் சுருண்டுவிடும், ஈரத் துணி போட்டுத் தேய்க்கவேண்டும். மாமியார் தேய்த்தார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டில் எனக்குப் பதவி உயர்வு வர 14 வருடம் போதாது போலிருக்கிறது.

இந்த உடைக்குப் பணம் கொடுத்தது நாங்கள் இல்லை. உடைக்கு ஒரு மாத்ரினா, காலணிக்கு ஒரு மாத்ரினா. ஞானத்தாய் என்று பொருள். ஞானஸ்நானத்துக்கு மட்டும் இல்லாமல் பதினைந்தாவது பிறந்தநாள் கேக்குக்கு ஒருவர், கல்யாணக் கயிற்றுக்கு ஒருவர் என்று ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதன் பிறகு அந்தக் குடும்பமும் நம் குடும்பமும் சம்பந்தி மாதிரி. தாய்மாமன் சீர் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. என் தம்பி ஊரிலிருந்து அனுப்பிய பட்டுப்பாவாடையைப் பார்த்துவிட்டு மாமியார் கேட்டது ஒன்றுதான்: “இவர் எதற்குப் பாத்ரினோ?” ஞானத்தந்தை, அதாவது.

காலணியின் முனையிலும் குதிகாலிலும் சின்னச் சின்ன ஆணிகள் நெருக்கமாக அடித்திருக்கும். சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. நேற்று ஊர்வலம் நகர ஆரம்பித்த பிறகு இடது குதிகாலில் ஒரு ஆணி பாதி வெளியே வந்துவிட்டது. மகள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் மாமனார். 72 வயது. கயிற்றைத் தாண்டி ரோட்டுக்குள் போய், பிள்ளையை நடைபாதை விளிம்பில் உட்காரவைத்து, செடித் தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாலு தட்டு. ஐந்தாவது தட்டு தன் கட்டைவிரலில். ஸ்பானிஷில் அவர் சொன்ன வார்த்தை மகளுக்கு வகுப்பில் சொல்லித்தராத ஒன்று. அவள் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள். அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தை நான் சரியாகப் பார்க்கவேயில்லை, விரலுக்கு ஐஸ் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்தது பிள்ளைகளுக்கு விற்கும் சிவப்புச் சாறு ஊற்றிய ஐஸ்தான். விரலை அதில் விட்டுவைத்தார்.

முந்தின இரவு கிரித்தோவுக்கும் போனோம், குரல் என்று பொருள். 1810இல் தொலோரெஸ் என்ற ஊரில் பாதிரியார் மிகேல் இதால்கோ மணியடித்து மக்களைக் கூட்டி ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அந்தக் குரலை ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ அதிபர் மாளிகை மாடத்தில் நின்று திரும்பக் கொடுக்கிறார். அமெரிக்க நகரங்களில் மெக்சிகோத் தூதரக அதிகாரிகள் அதையே செய்கிறார்கள். கடைசியில் மூன்று முறை “விவா மெஹிக்கோ!” கூட்டம் திருப்பிச் சொல்லவேண்டும். நானும் கத்துகிறேன். குடியுரிமையோ அமெரிக்காவுடையது, பிறப்போ கன்னியாகுமரி மாவட்டம், கத்துவது மெக்சிகோவுக்கு வாழ்த்து. தொண்டைக்கு அதெல்லாம் தெரிவதில்லை.

இதால்கோ மணியடித்தது 16ஆம் தேதி விடியற்காலை. கொண்டாட்டம் ஏன் 15 இரவு? போர்ஃபீரியோ தியாஸ் என்ற சர்வாதிகாரியின் பிறந்தநாள் செப்டம்பர் 15, தன் பிறந்தநாளோடு சேர்த்துக்கொண்டார் என்று மாமனார் சொன்னார்.

2023 செப்டம்பர் 20

தியாஸ் கதையை வாபஸ் வாங்குகிறேன். அவர் பிறந்தது செப்டம்பர் 15 என்பது சரி. ஆனால் அவர் பதவிக்கு வருவதற்கு முன்பிருந்தே 15 இரவில் கொண்டாட்டம் உண்டு. அவர் செய்தது வேறு: தொலோரெஸ் ஆலயத்து மணியையே 1896இல் தலைநகருக்குக் கொண்டுவந்து மாளிகையில் மாட்டினார். மாமனாரிடம் சொன்னேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது, அவர் கேட்கும் மனநிலையில் இல்லை.

2023 நவம்பர் 3

இறந்தோர் நாள் முடிந்தது. கை முழுக்கக் கேந்திப்பூ வாசனை.

தோவாளையில் பூச்சந்தைச் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவளிடம் பூவைப் பற்றிப் பந்தயம் கட்டலாமா? கட்டினார் மாமியார். படையல் மேசைக்கு, ஓஃப்ரெண்டா என்பார்கள், ஆரஞ்சுக் கேந்திப்பூவை வாளி வாளியாக வாங்குவோம். இங்கே செம்பாசூச்சில் என்று பெயர். “இது எங்கள் ஊர்ப் பூ, ஆயுத பூஜைக்கு லாரியில் போகும்” என்று வருடாவருடம் நான் சொல்வேன். “இது எங்கள் பூ” என்று அவரும் வருடாவருடம் சொல்வார். இந்த முறை மகள் கணினியில் தேடித் தீர்ப்பு வழங்கினாள். கேந்தி பிறந்தது மெக்சிகோவில். செம்பாசூச்சில் என்பது மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் சொல், இருபது பூ என்று பொருள். ஐரோப்பியர் கப்பல் ஏறித்தான் நம்மிடம் வந்திருக்கிறது. பெருமூச்சு விட்டுவிட்டுச் சம்பங்கியைக் காட்டினேன். அதுவும் மெக்சிகோவாம். கோபத்தில் வேறு பூவைத் தேடவில்லை. சப்போட்டா என்ற சொல்லே நாவாட்டிலிலிருந்து வந்தது என்று மகள் கேட்காமலே வாசித்தாள். மாமியார் இரண்டு வாளி கேந்திக்கும் என்னைப் பணம் கொடுக்கச் சொன்னார்.

மேசையில் உப்பு, தண்ணீர், மெழுகுவர்த்தி, இறந்தவர்களின் படங்கள், அவர்களுக்குப் பிடித்த தின்பண்டம். நவம்பர் 1 குழந்தையாக இறந்தவர்களுக்கு, 2 பெரியவர்களுக்கு. கொபால் என்ற பிசினைப் புகைப்பார்கள், சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட உறவு. ஐந்து வருடமாக என் அப்பா படமும் அங்கே இருக்கிறது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று முதல் வருடம் கேட்டார்கள். வெற்றிலை பாக்கு இங்கே எங்கே போக? மாமனார் தன் சுருட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். அப்பா ஆயுளில் சுருட்டைத் தொட்டதில்லை. இந்த ஐந்து வருடத்தில் பழகியிருப்பார்.

2023 நவம்பர் 5

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாமியாரிடம் அனுமதி கேட்டேன், தாராளமாக எழுது என்றார்.

சின்ன வயதில் ஊரில் நீங்கள் படையலுக்கு என்ன வைப்பீர்கள் என்று மகள் பாட்டியிடம் கேட்டாள். பாட்டி சிரித்தார். “ஒன்றும் வைக்கமாட்டோம். படையலே கிடையாது.”

கோவாவிலா வடக்கு. இந்தப் படையல் மெக்சிகோவின் நடுவிலும் தெற்கிலும் வேர்விட்ட வழக்கம். அவருடைய அம்மா நவம்பர் 2 அன்று வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார், கழுவுவார், பூ வைப்பார், செபம் சொல்வார், வீட்டுக்கு வந்துவிடுவார். மண்டை ஓட்டு மிட்டாய், வெட்டுக்காகிதத் தோரணம் எதுவும் கிடையாது. படையலை மாமியார் முதன்முதலில் பார்த்தது சான் அன்டோனியோவில், ஒரு சமூகக் கூடத்து விழாவில், முப்பது வயதுக்கு மேல். 1970களில் லாஸ் ஏஞ்சலிஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் சிகானோ ஓவியர்கள் இந்த நாளைப் பொது விழாவாக எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் ‘செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்’ கலைக்கூடம் அதில் முன்னோடி. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி மாமியாரின் கூடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பாயில் உட்கார்ந்து வெட்டுக்காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்களாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள். அதில் ஒருவர் என் கணவர்.

14 வருடமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், இவர்கள் எல்லாவற்றையும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவர்கள், நான்தான் வெளியிலிருந்து வந்து திருதிருவென்று விழிக்கிறேன் என்று. அந்த அம்மாள் தன் மகனோடு சேர்ந்து பாயில் உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடித்திருக்கிறார்.

2023 நவம்பர் 8

“அப்படியானால் எல்லாம் புதிதாகச் செய்துகொண்டதுதானே, இதில் பாரம்பரியம் எங்கே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மெக்சிகோ நகரத்தின் பிரமாண்ட இறந்தோர் நாள் ஊர்வலம் இன்னும் புதிது. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் காட்சிக்காக அப்படி ஒரு ஊர்வலம் எடுத்தார்கள், அதைப் பார்த்துவிட்டு 2016இல் நகரம் நிஜமாகவே நடத்த ஆரம்பித்தது. தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டி கத்ரினா, ஹோசே குவாடலூப்பே போசாடா என்ற அச்சுக்கலைஞர் கேலிக்குச் செதுக்கியது. 1913இல் அவர் இறந்துபோனார். பெரிய பாவாடையோடு முழு உருவம் கொடுத்தது தியேகோ ரிவேராவின் 1947 சுவரோவியம். இன்று பாதி ஊர் அந்த முகத்தைப் பூசிக்கொண்டு அலைகிறது. மாமியாருக்குப் பிடிக்காது, “செத்தவர்கள் வரும் நேரத்தில் நாம் ஏன் செத்தவர்கள் மாதிரி நிற்கவேண்டும்” என்பார். மகளுக்கு மிகவும் பிடிக்கும். பூசிவிடுவது மாமியார்தான்.

கேட்டவருக்குப் பதிலாக இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

2023 நவம்பர் 9

இன்னொருவர், இந்தியரும் மெக்சிகோக்காரரும் கல்யாணம் செய்வது இப்போதைய வழக்கமா என்கிறார். இல்லை. 1910களிலிருந்தே கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி விவசாயிகள் மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். ஊரிலிருந்து பெண் கொண்டுவரக் குடியேற்றச் சட்டம் விடவில்லை, வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கக் கல்யாணச் சட்டம் விடவில்லை. பிள்ளைகளுக்கு ஹோசே சிங், மரியா சிங் என்கிற மாதிரிப் பெயர்கள். நான் அந்த வரிசையில் மிகவும் பின்னால் வந்தவள்.

2023 டிசம்பர் 19

தமாலெஸ் நாள். சமையலறையில் ஒன்பது பெண்கள், ஒரு கறுத்த நகம் (மாமனார், ருசி பார்க்க). சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் நீக்கி அரைத்த மாவு, அதில் பன்றிக்கொழுப்பு சேர்த்து அடிக்கவேண்டும். காய்ந்த சோள மட்டையில் தடவி, உள்ளே கறி வைத்து மடித்து அவிப்பது. கொழுக்கட்டைக்குச் சேலை கட்டியதுபோல் இருக்கும். நான் பன்றிக்கொழுப்பு சாப்பிடமாட்டேன் என்பதால் எனக்கென்று ஒரு சட்டி எண்ணெய் மாவு, உள்ளே மிளகாயும் பாலாடைக்கட்டியும். முதல் பத்து வருடம் அதை “அவளுடைய மாவு” என்றார்கள். இப்போது அதுதான் முதலில் தீர்ந்துபோகிறது.

மாவு பதம் பார்ப்பது எப்படி என்று முதல் வருடம் கேட்டேன். மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரில் மாவைக் கிள்ளிப் போட்டார். மிதந்தது. “ஆயிற்று” என்றார். எங்கள் அம்மா உளுந்து வடைக்கு மாவு ஆட்டும்போது செய்வது இதேதான். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் தவறாகப் புரிந்துகொண்டு, அழுக்காக இருக்கிறதோ என்று வேறு டம்ளர் எடுத்தார்.

ஆற்றங்கரையில் போசாடாவுக்கும் போனோம். 1966இலிருந்து நடக்கிறதாம். மரியாளும் சூசையும் தங்க இடம் கேட்டு வீடு வீடாக அலைந்ததை மெழுகுவர்த்தியோடு நடந்து பாடுவது. இல்லை போ என்று உள்ளிருப்பவர்கள் பாட்டிலேயே துரத்தவேண்டும், கடைசியில்தான் கதவு திறக்கும். மகளை இந்த வருடம் உள்ளே நிறுத்தினார்கள். துரத்தும் பாட்டை அவள் அத்தனை உற்சாகமாகப் பாடியிருக்கவேண்டாம்.

2024 ஏப்ரல் 2

நேற்று முன்தினம் ஈஸ்டர். கேள்வி கேட்ட தம்பி குடும்பத்தோடு கார் ஓட்டிக்கொண்டு எங்கள் ஊர் வந்திருந்தார். பிராக்கன்ரிட்ஜ் பூங்காவில் ஈஸ்டருக்கு முன்பே மேற்குப் பகுதிக் குடும்பங்கள் கூடாரம் போட்டு ராத்திரி தங்கி இடம் பிடித்திருப்பார்கள், தலைமுறை தலைமுறையாக அதே மரத்தடி. எங்கள் மரத்தடியில் வியாழக்கிழமையிலிருந்து மாமனார் காவல்.

வந்ததும் தம்பி, “நாங்கள் என்ன கொண்டுவந்திருக்கவேண்டும், எங்கே உட்காரவேண்டும்” என்று தயங்கினார். பேசி முடிப்பதற்குள் மகள் பின்னாலிருந்து அவர் தலையில் ஒன்றை உடைத்தாள். அவர் மனைவி சிரித்தார், அடுத்தது அவர் தலையில். பையன் ஒரு அட்டை முட்டையை மாமியாரிடமிருந்து வாங்கிக்கொண்டு காணாமல் போய்விட்டான். சாயங்காலம் பார்த்தபோது மூன்று குடும்பம் தள்ளி, யாரென்றே தெரியாத ஒரு தாத்தா தலையில் உடைத்துக்கொண்டிருந்தான். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வருடக் கணக்கு 26 டஜன். அடுத்த வருடத்துக்குத் தாங்களும் ஓடு சேர்ப்பதாகத் தம்பியின் மனைவி சொல்லியிருக்கிறார். ரொம்பச் சந்தோஷம். வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைக்கவும். மாமனாரிடம் ஆலயத்துக்குப் போகும் சட்டை இப்போது ஒன்றுதான் இருக்கிறது.